15 லட்சம் ஆண்டு பழைய கோடரி: திருத்தணி பக்கத்து ஆற்றங்கரையில் யார் செய்தது?

திருத்தணி மலைப்படி ஏறுபவர்கள் பிரசாதப் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். காரணம், குரங்குகள். யார் அசந்திருக்கிறார்கள் என்று கணக்குப் போடும் மூளை அவற்றுக்கு உண்டு. ஆனால், மனதில் ஒரு வடிவத்தை வைத்துக்கொண்டு கல்லைச் செதுக்குமா? மனித இனம் அந்தத் திறமையை எப்போது பெற்றது?

இதற்கு முக்கியமான சாட்சி அதே திருவள்ளூர் மாவட்டத்தில், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் கிடைத்திருக்கிறது.

என்ன கிடைத்தது?

1863-ல் புவியியலாளர்கள் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் இங்கே கற்கருவிகளைக் கண்டார்கள். 1999-ல் தொடங்கி சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழு அகழாய்வு செய்தது. இங்குள்ள கைக்கோடரிகளின் வயது குறைந்தது 10.7 லட்சம் ஆண்டு, சராசரியாக 15 லட்சம் ஆண்டு என்று 2011-ல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வெளியானது.

குரங்கும் கல்லை உடைக்குமே?

உடைக்கும். தாய்லாந்தில் நீள்வால் குரங்குகள் பனைக்கொட்டையைக் கல்லால் தட்டி உடைக்கின்றன. அடி தவறினால் கல்லே சிதறும். அந்தச் சில்லுகள் ஆதிமனிதர் செய்தவை போலவே இருப்பதாக 2023-ல் ஓர் ஆய்வு சொன்னது. ஆக, கூரான சில்லு கிடைத்தாலே 'மனிதன் செய்தது' என்று இனி அடித்துச் சொல்ல முடியாது. குரங்குக்குத் தேவை பருப்புதான், சில்லு இல்லை.

கைக்கோடரி கதை வேறு. குவார்ட்சைட் கல்லை இரண்டு பக்கமும் தட்டித் தட்டி, ஏறக்குறைய சமச்சீராகக் கொண்டுவர வேண்டும். கை தவறி விழுந்து இப்படி ஒரு வடிவம் வராது.

அப்புறம் என்ன சர்ச்சை?

அதே குழு 2018-ல் 'நேச்சர்' இதழில் இன்னொரு குண்டைப் போட்டது. சுமார் 3.85 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கு 'லெவல்லுவா' முறை வந்துவிட்டதாம். தோசைக்கு முதல் நாளே மாவரைத்து வைப்பது மாதிரிதான் இது. முதலில் மூலக்கல்லைத் தயார் செய்கிறார்கள். பிறகு ஒரே அடி, நினைத்த வடிவில் சில்லு பெயர்ந்து வருகிறது. பல படிகளை முன்கூட்டியே யோசிக்காமல் இது நடக்காது.

சுமார் 1.25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிய நவீன மனிதர்கள்தான் இந்த வகைத் தொழில்நுட்பத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள் என்று பலர் கருதினார்கள். அத்திரம்பாக்கத்துக் கணக்கு அதற்கும் 2 லட்சம் ஆண்டுக்கு மேல் முந்தியது. அப்படியானால் வேறொரு மனித இனம் இங்கேயே கண்டுபிடித்ததா, இல்லை நாம் நினைத்ததைவிட முன்னதாகவே யாராவது வந்துவிட்டார்களா?

விலங்குகளின் பற்கள் அங்கே கிடைத்தன. கருவி செய்தவர்களின் எலும்பு மட்டும் இதுவரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.