மண்ணை மூடினால் கிணறு பிழைக்கும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவ மழையில் ஒரு பகுதி சுண்ணக்கற் பாறையின் இடுக்குகளில் இறங்கித் தேங்குகின்றது. குடிப்பதற்கும் தோட்டத்திற்கு இறைப்பதற்கும் ஆண்டு முழுவதும் பெரிதும் நம்பியிருப்பது அந்நீரையே. கற்பிட்டியின் மணற்பாங்கான நிலங்களில் நடைபெறும் வெங்காய, மிளகாய்ச் செய்கையும் இவ்வாறே நிலத்தடி நீரை நம்பியுள்ளது.

இந்நன்னீர், கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் மட்டம் ஓர் அடி தாழ்ந்தால் கீழுள்ள உவர்நீர் ஏறக்குறைய 40 அடி மேலெழ இடமுண்டு என்பது நீரியலாளர் கணிப்பு. துலா மிதித்த காலத்தில் மனித உழைப்பே இறைப்பிற்கு எல்லையாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரங்கள் அந்த எல்லையை நீக்கிவிட்டன.

இறைத்த நீர் முழுவதும் பயிரைச் சென்றடைவதில்லை. வெயில் படும் வெற்று மண்ணிலிருந்து பெரும் பங்கு ஆவியாகின்றது. ஒரு பரப்புக் காணியில் ஒரு மில்லிமீற்றர் ஆழ நீர் என்பது சுமார் 250 லீற்றர். ஏக்கருக்கு 4,000 லீற்றர். நாளொன்றுக்கு ஒரு மில்லிமீற்றரைத் தடுத்தாலும் கிணற்றில் எஞ்சுவது சிறிதன்று.

வைக்கோல், சருகு, இலைதழை என்பவற்றால் மண்ணை மூடுவதையே விவசாயத்துறையினர் பத்திரக்கலவையிடல் என்பர். மூடிய மண்ணில் வெயில் நேரே படாது. காற்று ஈரத்தை எளிதில் கவர்ந்து செல்லாது. களை குறையும், வேர்ப்பகுதியின் வெப்பம் தணியும், ஈரம் சீராக நிற்பதால் கிழங்கும் காயும் ஒழுங்காகப் பருக்கும்.

எனினும், மண்ணை மூடிய பின்னரும் பழைய கணக்கிலேயே இறைத்தால் பயனில்லை. மேற்படையை விரலால் கிளறி ஈரம் பார்த்தே அடுத்த இறைப்பைத் தீர்மானிக்க வேண்டும். வெங்காயத்தின் வேர் ஆழமற்றது. ஆதலால் அளவோடு அடிக்கடி பாய்ச்சுவதே தகும். அறுவடைக்கு முன்னர் நீரை நிறுத்தவும் வேண்டும். மிகையான ஈரமும் தடித்த மூடலும் சேர்ந்தால் அழுகல் வரும். கறையான், நத்தை என்பவற்றையும் கவனிக்க வேண்டும். பொலித்தீன் விரிப்பு ஆவியாதலை நன்கு தடுப்பினும், கிழிந்த துண்டுகள் மண்ணிலேயே தங்கிவிடும்.

மிகை இறைப்பினால் மற்றொரு கேடும் உண்டு. பயிருக்கிட்ட நைதரசன் பசளை நீரோடு கரைந்து நைத்திரேற்றாகக் கிணற்றைச் சேர்கின்றது. குடிநீரில் இது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. இவ்வளவை மீறிய கிணறுகள் குடாநாட்டிலும் கற்பிட்டியிலும் அறியப்பட்டுள்ளன. இதனால் பெரிதும் பாதிக்கப்படுவோர் கைக்குழந்தைகளே. அளவோடு இறைப்பது பசளையையும் மிச்சப்படுத்தும். பிள்ளைகளின் குடிநீரையும் காக்கும்.

2022 இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற விவசாயிக்கு, ஓர் இறைப்புக் குறைவதன் பெறுமதியை எவரும் விளக்க வேண்டியதில்லை. வைக்கோல் மாட்டுக்குத் தீனி என்பதனால் அதற்குப் போட்டி உண்டு என்பதும் உண்மையே. ஆயினும் வேலிப் பூவரசும் கிளிசரியாவும் பனையோலையும் நம்மிடம் உள்ளன. அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோலை எரிப்பதை விடுத்து, அதனைத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்ல கமக்காரர் அமைப்புகளும் விவசாயத் திணைக்களமும் வழிகாண வேண்டும். உவரேறிய கிணற்றை மீட்க எத்தனை மாரி வேண்டுமென்று எவராலும் கூறவியலாது. அதனை உவரேறாமற் காப்பதோ இந்தப் போகத்திலேயே இயலக்கூடிய காரியம்.