வீட்டுக்குள்ள வந்த யுத்தம்

“அடிச்சு வளர்த்தாத்தான் பிள்ளை உருப்படும்.” மருதானையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நாங்கள் கேட்டு வளர்ந்த கதை இது. யுத்தம் எங்கட பிள்ளைகளை என்ன செய்தது எண்டு தேடிப்போன உளவியலாளர்கள் இந்த அடியையும் கணக்கெடுத்தார்கள்.

வடகிழக்கில் 296 தமிழ் மாணவர்களிடம் செய்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த பல்கலைக்கழக உளவியலாளர் கிளவுடியா கட்டானியின் குழு செய்தது. பிள்ளைகளோடு இருந்து கதைத்தவர்கள், பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர்கள். யுத்த அனுபவம் ஒன்றையாவது சொன்ன பிள்ளைகள் 82.4 வீதம். வீட்டுக்குள் நடந்த வன்முறையில் ஒன்றையாவது சொன்னவர்கள் 95.6 வீதம்! தகப்பனின் குடியும் வீட்டு அடியும் சேர்ந்தே வந்தன.

2015இல் வடக்குக் குடும்பங்கள் பற்றி இன்னொரு ஆய்வு வந்தது. அதன் முதல் ஆசிரியர் வத்சலன் சிறிஸ்கந்தராஜா. அது மறுபக்கத்தைக் காட்டியது: எவ்வளவு பேரழிவைக் கண்டிருந்தாலும், பெற்றோரின் அரவணைப்பை உணர்ந்த பிள்ளைகளை அது பயத்திலிருந்தும் மனச்சோர்விலிருந்தும் ஓரளவு காத்திருக்கிறது.

யுத்தம் 2009இல் முடிஞ்சுது. கை ஓங்கிற பழக்கம் முடிஞ்சுதா? நாளைக்குப் பிள்ளை வளர்க்கப்போறது நாங்கள்தான். அந்தப் பழைய கதையை என்ன செய்யப்போறம்?