வால்வைத் தட்டினால் 'ணங்'

அந்தக் காலத்தில் குத்துக்கல்வலசைப் பக்கம் கோயில் கொடை என்றால் வால்வு ஆம்ப்ளிஃபயர்தான். மைக் செட்காரர் பென்சிலால் வால்வை லேசாகத் தட்டுவார். குழாய் ஸ்பீக்கரில் 'ணங்' என்று கேட்டால் கழற்றிவிட்டு வேறு போடுவார்.

கண்ணாடிக்குள் கிரிட் கம்பி, கேத்தோடுக்கு மயிரிழை தூரத்தில் நிற்கிறது. அதிர்ந்தால் இடைவெளி மாறும், மின்னோட்டமும் மாறும். ஸ்பீக்கர் சத்தமே வால்வை அதிர வைத்தால் அப்புறம் ஊளைதான். மாணவத் தம்பிகளே, சர்க்யூட் படத்தில் இது தெரியவே தெரியாது!

பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961-ல் ரேடியோ வால்வு செய்யத் தொடங்கியது. ஹை-ஃபைக்கு வந்த இ.எஃப்.86 வால்வில் உள்ளுறுப்புகளை விறைப்பாகப் பிடித்து இந்த நோயைக் குறைத்திருந்தார்கள்.

டிரான்சிஸ்டர் வந்ததும் தொல்லை ஒழிந்ததா? எங்கே! சில செராமிக் கெபாசிட்டர்கள் அதிர்ந்தாலே மின்னழுத்தம் பிறக்கும். விலையுயர்ந்த வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் இன்றும் வால்வுக்கு ரப்பர் வளையம் மாட்டுகிறார்கள்.