எண்ணுதல்

ரெஸ்ரோரண்ட் வேலையில் புதன்கிழமை காலையில் மட்டுந்தான் நான் சமையற்கட்டுக்கு வெளியே. ஜான்-டலோன் சந்தைக்குப் போய் வெங்காயமும் தக்காளியும் கோவாவும் வாங்கிவர வேண்டும். செப்ரெம்பரில் அங்கே தக்காளி பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும். நான் மிளகாய் வாங்கும் கிழவர் தராசில் வைக்குமுன்னே கையில் ஏந்திப் பார்த்து, 'ஜ பான்ஸ்', நான் நினைக்கிறேன், இரண்டு கிலோ என்பார். பிரெஞ்சு வகுப்பில் சொல்லித் தந்தார்கள்: நினைப்பதைக் குறிக்கும் 'பான்ஸே'யும் எடை பார்ப்பதைக் குறிக்கும் 'பெஸே'யும் ஒரே லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தவையாம். அவர்களுக்கு நினைப்பது என்றால் நிறுத்துப் பார்ப்பது.

இந்தச் சொற்களில் எனக்கு அக்கறை வந்தது படிப்பினால் அல்ல. என் பல்கலைக்கழகப் படிப்பு இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனது. அகதி விண்ணப்பத்துக்காக ஓர் அறையில் இருத்தி என்னை விசாரித்தார்கள். வெளிக்கிட்ட அன்றிரவு என்ன செய்துகொண்டிருந்தீர் என்று கேட்டார்கள். 'அம்மாவைத்தான் யோசிச்சுக்கொண்டிருந்தனான்' என்றேன். மொழிபெயர்த்தவர் அதை 'திங்க்' என்ற ஒரே சொல்லில் சொன்னார். பிழையென்று சொல்லமுடியாது. ஆனால் அடுத்த கேள்வி, ஆறுதலாக இருந்து சிந்திக்க நேரம் இருந்தவருக்கு உயிர்ப்பயம் இருந்ததா என்பது. 'ஒண்டுக்கும் யோசியாதேங்கோ' என்று நாங்கள் சொல்வது சிந்திக்கவேண்டாம் என்பதற்கா? கவலைப்படவேண்டாம் என்பதற்கல்லவா?

ஆங்கிலத்தின் அந்தச் சொல் பெரிய பாத்திரம். ஆராய்வது, அபிப்பிராயப்படுவது, ஞாபகம் வருவது, உத்தேசிப்பது எல்லாம் அதற்குள் போகும். பழைய ஆங்கிலத்தில் 'சிந்திப்பது' என்பதற்கு ஒரு வினையும் 'ஒருவருக்குத் தோன்றுவது' என்பதற்கு வேறொரு வினையும் இருந்தன. நாளடைவில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. எங்களிடம் யோசி, சிந்தி, கருது, நினை என்று தனித்தனியே கிடக்கின்றன. இவற்றோடு இன்னொன்றும் இருக்கிறது: எண்ணு. மனதில் நினைப்பதும் எண்ணு. ஒன்று, இரண்டு என்று கணக்கெடுப்பதும் எண்ணு.

இந்தச் சொல்லின் இரண்டு பொருளும் சேர்ந்து எனக்கு விளங்கியது சந்தையின் பெயரால்தான். 1933 இல் திறந்த இந்தச் சந்தை இன்று தாங்கி நிற்கும் பெயருக்குரிய ஜான் டலோன், பதினான்காம் லூயி மன்னன் 1665 இல் புதிய பிரான்சுக்கு அனுப்பிய நிர்வாகி. அவர் 1666 இல் இங்கிருந்த குடியேறிகளைப் பெயர், வயது, தொழில், மணமானவரா இல்லையா என்று வீடுவீடாக எழுதுவித்தார். மொத்தம் 3,215 பேர்; ஆண்கள் 2,034, பெண்கள் 1,181. எண்ணப்பட்டவர்களைப் பற்றி அரசு எண்ணியது. 1663 முதல் 1673 வரை ஏறக்குறைய 800 இளம் பெண்கள் அரச செலவில் பிரான்சிலிருந்து வந்திறங்கினார்கள். பத்துப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு உதவிப்பணம் கிடைத்தது. ஆனால் இந்த மண்ணின் முதற்குடிகள் அந்த ஏட்டில் இல்லை. அவர்களை ஒருவரும் எண்ணவில்லை, இரண்டு பொருளிலும்.

எங்கள் தீவின் கதையையும் இப்படியே வாசிக்கலாம். இலங்கையில் முதலாவது முறையான குடிசனக் கணக்கெடுப்பு 1871 இல் நடந்தது. 1911 இல் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று நிரல் இரண்டாகியது. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானோர் பெரும்பாலும் அந்த இரண்டாவது நிரலில் இருந்தவர்கள். 1981 க்குப் பிறகு முழுத்தீவையும் எண்ணியது 2012 இல்தான். இடையிலே 2001 இல் எடுத்த கணக்கு வடக்குக் கிழக்கின் பெரும்பகுதியைத் தொடவில்லை. முப்பத்தொரு வருடம். எங்களில் எத்தனை பேர் அந்த இடைவெளிக்குள் பிறந்து, வளர்ந்து, வெளியேறினோம்!

அந்த இடைவெளியின் கடைசியில் எண்ணிக்கை உயிரை எடுக்கும் விடயமாகவே மாறியது. 2009 இன் தொடக்கத்தில் வன்னியில் அகப்பட்டிருப்போர் ஏறக்குறைய 70,000 பேர் என்றது அரசு. யுத்தம் முடிந்தபோது முகாம்களுக்குள் 2,80,000 பேருக்கு மேல் இருந்தார்கள். சாப்பாடும் மருந்தும் தலைக்கணக்கில் அனுப்பப்படுபவை. கணக்கைக் குறைத்தால் சோறும் குறையும். இறந்தவர்கள் 40,000 வரை இருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011 இல் எழுதியது. 'வரை இருக்கலாம்' என்பது எண்ணிக்கையல்ல, எண்ணம் மட்டுமே.

எங்கள் சின்னம்மா வீட்டில் ஏழு பேர். முகாம் பதிவில் நான்கு பேர். மற்ற மூவரும் எந்த நிரலிலும் இல்லை.

டலோன் அரசனுக்காக எண்ணினார். அரசின் திட்டங்களுக்கு அந்தக் கணக்கு வேண்டியிருந்தது. எங்களுக்கு அரசனுமில்லை, ஏடுமில்லை. ஆனால் பெயர், வயது, தொழில் என்று அவர் எழுதுவித்த முறையில் பிழையில்லை. ரெஸ்ரோரண்டில் ஓடர் எழுதும் துண்டுப் புத்தகமொன்றில் எங்கள் ஒழுங்கையை எழுதத் தொடங்கியிருக்கிறேன். 1981 இல் அங்கே யார் இருந்தார்கள் என்று அம்மாவிடம் ரெலிபோனில் கேட்கிறேன். 'இதையெல்லாம் ஏன் இப்ப யோசிக்கிறாய்?' என்கிறா. யோசிக்கவில்லையம்மா, எண்ணுகிறேன் என்கிறேன்.

இதுவரை 19 வீடுகள். உங்கள் ஒழுங்கையில் எத்தனை?