மேலே குளிர், கீழே பாதை

யூடியூபில் ‘வேன் லைஃப்’ என்று தட்டிப் பாருங்கள். ஒரு வேனுக்குள் கட்டில், அடுப்பு, மடக்கு மேசை. கூரையில் சோலர் தகடு. ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் மூன்று விஷயம் தேடுவார்கள். வெயில் காலத்தில் உடம்பு வேகாத இடம் வேண்டும். இரண்டு நாளில் கிளம்பச் சொல்லாமல் மாதக்கணக்கில் தங்க விட வேண்டும். லேப்டொப்பைத் திறந்தால் சிக்னல் வேண்டும், இல்லாவிட்டால் வேலை போய்விடும். எல்லவிலும் நுவரெலியாவிலும் தங்கி இப்படி வீடியோ போடுகிறவர்களை நாங்களும் வாயைப் பிளந்து பார்த்திருக்கிறோம். கொஞ்சம் பொறாமையும் உண்டு.

ஆனால் இந்தத் தேடல் ஒன்றும் புதுசு இல்லை. நம்ம பக்கத்து மலைகளில் இதற்கு ஏறத்தாழ 200 வயது. அப்போது வேன் இல்லை, குதிரையும் மாட்டு வண்டியும் இருந்தன. சிக்னல் இல்லை, தபாலும் பிறகு தந்தியும் இருந்தன. தேடியது அதே மூன்றைத்தான். அந்த வரலாற்றை வாசிக்க வாசிக்க எங்களுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. குளிர் மலையில் சும்மா கிடக்கிறது. தொடர்பு அப்படிக் கிடப்பதில்லை. யாராவது கீழேயிருந்து தூக்கிக்கொண்டு போய் வைக்க வேண்டும். தூக்கியவர்கள் யார், அந்தக் குளிரில் அவர்களுக்கு என்ன பங்கு கிடைத்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

இதைப் பல்லேபொலயிலிருந்து யோசிப்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. மாத்தளை மாவட்டத்தில், ஏ9 வீதிக்கு மேற்கே இருக்கிற ஊர். ‘பல்லே’ என்ற சிங்களச் சொல்லுக்குக் கீழே என்று அர்த்தம். ஏப்ரல் வெயிலில் இங்கே மின்விசிறிகூடச் சூட்டுக் காற்றைத்தான் வீசும். அதே ஏப்ரலில்தான் நுவரெலியாவில் ‘சீசன்’: குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, நிரம்பி வழிகிற ஹோட்டல்கள். உயரம் 1,000 மீற்றர் கூடினால் வெப்பம் சராசரியாக 6 பாகை செல்சியஸுக்கும் சற்று மேலே குறையும். மாத்தளை நகரம் ஏறத்தாழ 360 மீற்றரில் இருக்கிறது, நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றரில். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 10 பாகை வித்தியாசம். இந்த 10 பாகையைத் தேடித்தான் வெள்ளைக்காரர்கள் முதலில் ஏறினார்கள்.

அரசாங்கமே மலை ஏறியது

முதலில் கடல் தாண்டிப் பார்ப்போம், ஏனென்றால் இந்தப் பழக்கம் அங்கேதான் பெரிதாக வளர்ந்தது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820களின் தொடக்கத்தில் ஊட்டியில் கல் பங்களா கட்டினார். அது தோடர்கள் எருமை மேய்த்த மலை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாண அரசே கோடையில் ஊட்டிக்குப் போய் உட்கார்ந்து ஆட்சி செய்தது. வடக்கே 1864இலிருந்து சிம்லா இந்தியாவின் கோடைத் தலைநகர். கல்கத்தாவிலிருந்து கோப்புகள், குமாஸ்தாக்கள், குடும்பங்கள் எல்லாம் வருஷா வருஷம் மலை ஏறி இறங்கின. இன்று ‘எங்கேயிருந்தும் வேலை செய்யலாம்’ என்கிறோமே, அதைப் பேரரசு அளவில் செய்து பார்த்தவர்கள் அவர்கள். தந்திக் கம்பி இருந்தால் கவர்னர் எங்கே இருந்தால் என்ன?

இலங்கையில் அந்த இடம் நுவரெலியா. 1824 முதல் 1831 வரை ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் அங்கே தனக்கொரு மாளிகை கட்டினார். இன்றைய கிராண்ட் ஹோட்டல் அந்தக் கட்டடத்திலிருந்து வளர்ந்ததுதான். காய்ச்சலில் விழுந்த வெள்ளைக்காரர்கள் உடம்பு தேற்ற அங்கே போனார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவர் சாமுவேல் பேக்கர். இரண்டு வாரத்தில் உடம்பு தேறியதும் அவருக்கு இடம் பிடித்துவிட்டது. 1848இல் இங்கிலாந்திலிருந்து குடியேற ஆட்கள், ஒரு கொல்லன், உயர் ரக மாடு, குதிரை, செம்மறிக் கடா, வேட்டை நாய்கள் என்று ஒரு கிராமத்தையே கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். 1855 வரை தங்கினார். நீண்டகாலத் தங்கல் என்றால் இதுதான்: ஊரைத் தேடிப் போகாமல், கூடவே தன் ஊரையும் கொண்டுபோவது.

6 நாள் அல்லது 3 சிலிங்

இவ்வளவு சாமானும் எந்த வழியாக மலை ஏறியது? வீதி வழியாக. வீதியை யார் போட்டார்கள்?

பார்ன்ஸ் காலத்தில் பதில் சுலபம். ராஜகாரிய முறை. கண்டி அரசனுக்குக் குடிமக்கள் செய்து வந்த கட்டாய ஊழியத்தை வெள்ளைக்காரர்கள் கையில் எடுத்து வீதி வெட்ட வைத்தார்கள். கொழும்பு–கண்டி வீதி இப்படி உழைத்தவர்களின் முதுகில் போடப்பட்டது. கோல்புரூக் சீர்திருத்தங்களோடு 1830களின் தொடக்கத்தில் ராஜகாரியம் ஒழிக்கப்பட்டது.

அப்புறம் கோப்பி வந்தது. மலை முழுக்கத் தோட்டம், தோட்டத்துக்கெல்லாம் வீதி வேண்டும். 1840களின் கடைசியில் கோப்பி விலை விழுந்து அரசாங்கத்துக்குக் கையில் காசு இல்லாமல் போனபோது, ஆளுநர் டொரிங்டன் புது வரிகள் போட்டார். துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி. எல்லாவற்றுக்கும் மேலே வீதிச் சட்டம்: வயது வந்த ஆண்கள் வருஷத்துக்கு 6 நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது 3 சிலிங் கட்ட வேண்டும். பதினைந்து பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஒழித்த ராஜகாரியம் வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டது என்றுதான் கிராமத்து ஜனங்களுக்குத் தெரிந்தது. அந்த வீதியில் ஓடப்போவதோ துரைமாரின் கோப்பி வண்டி.

1848 ஜூலை 26 அன்று தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டார். கூட்டம் அங்கிருந்து மாத்தளையை நோக்கித் திரண்டு வந்தது. மாத்தளையில் அரசாங்கக் கட்டடங்கள் தாக்கப்பட்டன. இராணுவச் சட்டம் வந்தது. வீர புரன் அப்பு ஆகஸ்ட் 8 அன்று கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதை நாங்கள் எல்லோரும் ‘மாத்தளைக் கிளர்ச்சி’ என்று மனப்பாடம் செய்தோம். வரிக்கு எதிரான போராட்டம் என்று ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனால் அது வீதியைப் பற்றிய போராட்டமும்தான். மேலே இருப்பவர்களின் தொடர்புக்குக் கீழே இருப்பவர்கள் ஏன் உழைக்க வேண்டும் என்ற கேள்வி அதற்குள் இருந்தது. பேக்கர் தன் பரிவாரத்தோடு நுவரெலியாவுக்கு வந்து சேர்ந்ததும் அதே 1848. ஒரே வருஷத்தில் ஒருவர் குளிரைத் தேடி ஏறுகிறார், இன்னொருவர் அந்தப் பாதைக்காகச் சுடப்படுகிறார்.

நடந்து வந்தவர்கள்

அதே தம்புள்ளை–மாத்தளைப் பாதையில் இன்னொரு கூட்டமும் வந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து தோணி ஏறி மன்னார்ப் பக்கம் இறங்கி, நூறு மைலுக்கும் மேலே காட்டு வழியே நடந்து மாத்தளைக்கு வந்த தொழிலாளர்கள். ‘கண்டிச் சீமைக்குப் போகிறோம்’ என்று கிளம்பியவர்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பலர். பிழைத்து வந்தவர்கள் காடு வெட்டினார்கள், கோப்பி நட்டார்கள், வீதி வேலையிலும் இறங்கினார்கள்.

இங்கே கவனிக்க ஒன்று இருக்கிறது. கோப்பிக் காலத்தில் இவர்களில் கனபேர் பருவத்துக்கு வந்து போகிறவர்கள். பழம் பறிக்கும் மாதங்களில் வருவார்கள், முடிந்ததும் ஊருக்கு நடப்பார்கள். அதாவது, மலையில் சில மாதம் தங்கிவிட்டுத் திரும்புவது துரைமாருக்கு மட்டும் நடந்த விஷயம் இல்லை. 1869இல் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த இருபது வருஷத்துக்குள் கோப்பி அழிந்து தேயிலை ஏறியது. தேயிலைக் கொழுந்துக்குப் பருவம் கிடையாது, வருஷம் பூராவும் பறிக்க வேண்டும். வந்தவர்கள் குடும்பத்தோடு லயத்தில் தங்கினார்கள். அந்த ‘நீண்டகாலத் தங்கல்’ இன்னும் முடியவில்லை.

இதற்கிடையில் மேலே தொடர்பு பெருகிக்கொண்டே போனது. 1867இல் கோச்சி கண்டிக்கு வந்தது, 1880இல் மாத்தளைக்கு, 1885இல் நானுஓயாவுக்கு. நானுஓயாவில் இறங்கினால் நுவரெலியா கைக்கெட்டும் தூரம். மாத்தளைக் கிளையோ இன்றைக்கும் மாத்தளையோடு நின்றுவிடுகிறது, பல்லேபொலக்காரர்களுக்குப் பஸ்தான். ரயில் பாதை எங்கே போக வேண்டும் என்பதைத் தோட்டங்களின் தேவை எவ்வளவு தூரம் தீர்மானித்தது என்று வரைபடத்தை வைத்துப் பார்த்தாலே புரியும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிலாளர்களுக்குத் தகர வில்லை கொடுக்கும் முறை வந்தது. தோட்டத்தின் இலக்கம் பொறித்த சின்னத் தகரத் துண்டு. அதைக் காட்டினால் சரியான தோட்டத்துக்கு அனுப்பி வைப்பார்கள். பார்சலுக்கு முகவரி ஒட்டுவது மாதிரி மனுசனுக்கு ஒட்டினார்கள்.

யார் விருந்தாளி?

சுதந்திரம் கிடைத்த 1948இலேயே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மூன்று நான்கு தலைமுறையாக மலையில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். அவர்கள் தற்காலிகமாக வந்தவர்கள் என்பதுதான் சொல்லப்பட்ட வாதம். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி 150,000 பேரின் கதி 1974இல்தான் முடிவானது. அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழ்நாடு அரசு 1968இல் அங்கே தேயிலைத் திட்டம் தொடங்கியது, பிற்காலத்தில் அது ‘டான்டீ’ ஆனது. ஒரு குளிர் மலையிலிருந்து எடுத்து இன்னொரு குளிர் மலையில் வைத்தார்கள். கையில் அதே கொழுந்துக் கூடை.

வருஷத்தில் இரண்டு மாதம் தங்கியவர்கள் நுவரெலியாவுக்கு ‘குட்டி இங்கிலாந்து’ என்று பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள், அந்தப் பெயர் இன்றைக்கும் சுற்றுலா விளம்பரத்தில் ஓடுகிறது. நூறு வருஷம் தங்கியவர்களுக்கோ, நீ எந்த ஊர் என்ற கேள்வி.

தொடர்பிலும் அதே கதை. பல தோட்டங்களில் லயத்துக்கென்று தெருப் பெயரும் வீட்டு இலக்கமும் இல்லாததால், கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து அங்கிருந்துதான் கைக்கு வர வேண்டும். நேர்முகத் தேர்வுக்கு அழைத்த கடிதம் பிந்தி வந்தால் யாரிடம் கேட்பது? 2021இல் கொரோனா பள்ளிக்கூடங்களை மூடியபோது, ஊவா மாகாணத்தில் பொஹிட்டியாவ என்ற கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் சிக்னல் தேடிக் காட்டு வழியே நடந்து பாறை உச்சிக்கு ஏறிப் பாடம் படித்த செய்தி உலகம் முழுக்கப் போனது. அது சிங்களக் கிராமம். மலையில் இருந்தும் தொடர்பு கிடைக்காத வலிக்கு மொழி வித்தியாசம் இல்லை. 1848இல் வீதிக்கு எதிராக எழுந்த விவசாயிக்கும் அந்த வீதியில் நடந்து வந்த கூலிக்கும் எப்படி ஒரே பாரம் இருந்ததோ, அப்படி.

அப்போ மலைக்குப் போகவே கூடாதா? போகலாம் தானே. நாங்களும் போவோம். வெயிலில் கிடந்து வேக வேண்டும் என்று யாருக்கும் விதி இல்லை. 2023 ஜூலை கடைசியில் தலைமன்னாரிலிருந்து கிளம்பிய ஒரு கூட்டம் அந்தப் பழைய பாதையில் நடந்து ஆகஸ்ட் 12 அன்று மாத்தளைக்கு வந்து சேர்ந்தது. மலையக மக்கள் வந்து 200 வருஷம் என்பதை நினைவுகூரும் நடை. அவர்கள் கேட்டது பரிதாபம் இல்லை. காணி, வீடு, முகவரி, சமமான குடிமக்கள் என்ற மதிப்பு. மாதக்கணக்கில் தங்க இடம் தேடுகிற யாரும் கேட்பதை விட அது அப்படி ஒன்றும் கூடுதல் இல்லை.

ஆகவே அடுத்த முறை குளிரான இடம் தேடும்போது வழக்கமான மூன்று கேள்விகளையும் கேளுங்கள். குளிராக இருக்குமா, எவ்வளவு நாள் தங்கலாம், சிக்னல் இருக்கிறதா? கூடவே நாலாவதாக ஒன்று: ஜன்னலைத் திறந்தால் தெரிகிற அந்த லயத்தில் இருப்பவர்களுக்குக் கடிதம் எந்த முகவரிக்கு வருகிறது?