வெல்டர் எங்கே போனார்?

தொழிற்பள்ளியில் வெல்டிங் படித்துவிட்டுப் போன ஒருவர் மூன்று வருஷம் கழித்து என்ன செய்துகொண்டிருக்கிறார்? கேட்க எளிதான கேள்விதான். 1917-ல் ஸ்மித்-ஹ்யூஸ் சட்டம் வந்து அமெரிக்கக் கூட்டாட்சி அரசு தொழிற்கல்விக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்த நாளிலிருந்தே யாராவது இதைக் கேட்டிருக்க வேண்டும். உருப்படியான பதில் கிடைக்க 1980-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பதில் எந்த வழியாக வந்தது என்பதுதான் என்னை இதற்குள் இழுத்துவிட்டது.

பழைய முறை நமக்கும் பழகியதுதான். வாத்தியார் பழைய மாணவர்களுக்குக் கடிதம் போடுவார், போன் செய்வார், படிவம் அனுப்புவார். நல்ல வேலையில் இருப்பவன் சந்தோஷமாகப் பதில் எழுதுவான். சும்மா இருப்பவன் எழுதமாட்டான். வீடு மாறிப் போனவனுக்குக் கடிதமே சேராது. இதில் இன்னொரு சிக்கல்: எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று எண்ணுபவரின் வேலையே அந்த எண்ணிக்கையை நம்பித்தான் இருக்கிறது. அப்புறம் எண் எப்படி வரும்?

இதற்கு மாற்று, யாரும் எதிர்பார்க்காத ஓர் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. பெருமந்தக் காலத்தில், 1935-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேலையிழப்புக் காப்பீடு நாடு முழுக்க வந்தது. ஒரு தொழிலாளிக்கு வேலை போனால் எவ்வளவு உதவித்தொகை தருவது என்று கணக்கிட, அவர் முன்பு வாங்கிய சம்பளம் தெரிய வேண்டும். அதனால் பல மாநிலங்களில் முதலாளிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு தொழிலாளியின் பெயர், ஒன்பது இலக்கச் சமூகப் பாதுகாப்பு எண், கொடுத்த சம்பளம் மூன்றையும் அனுப்பினார்கள். 1984-ல் ஒரு சட்டம் இதை எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயமாக்கியது. காரணம் கல்வி இல்லை. நலத்திட்ட உதவி வாங்கும் ஏழைகள் சம்பளத்தை மறைக்கிறார்களா என்று சரிபார்க்கத்தான்.

கிட்டத்தட்ட அதே காலத்தில் ஃபுளோரிடா மாநிலம், தொழிற்பிரிவுகளில் படித்தவர்களில் 70 சதவீதம் பேராவது வேலைக்குப் போயிருக்க வேண்டும் என்று தன் பள்ளிகளையும் கல்லூரிகளையும் கேட்க ஆரம்பித்தது. அதை நிரூபிக்க ஒரு திட்டமும் வந்தது. சுருக்கமாக ஃபெட்பிப் என்பார்கள். மாணவர் பட்டியலில் இருக்கும் எண்ணைச் சம்பளப் பட்டியலில் இருக்கும் எண்ணோடு பொருத்திப் பார். அவ்வளவுதான். யாருக்கும் கடிதம் போட வேண்டாம், பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

பொருத்தியபோது ஓட்டைகளும் தெரிந்தன. ராணுவத்துக்குப் போனவர் மாநிலச் சம்பளப் பதிவில் இல்லை. மத்திய அரசு ஊழியர் இல்லை. எனவே ராணுவத்தின் பட்டியலைச் சேர்த்தார்கள், தபால் துறையைச் சேர்த்தார்கள், நலத்திட்ட உதவி பெறுவோரைச் சேர்த்தார்கள், சிறைத்துறைப் பட்டியலையும் சேர்த்தார்கள். படித்து முடித்தவன் வேலையில் இருக்கிறானா, ராணுவத்தில் இருக்கிறானா, ஜெயிலில் இருக்கிறானா என்று ஒரே அட்டவணையில் பார்க்கலாம். எனக்கு இந்த இடத்தில் கொஞ்சம் வயிற்றைப் பிசைந்தது. அந்த வெல்டரிடம் இதற்கெல்லாம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

இவ்வளவு சேர்த்தும், சம்பளப் பதிவு எதற்காகப் பிறந்ததோ அதை மட்டுமே சொல்லும். பெரும்பாலான மாநிலங்களில் அதில் தொழிலின் பெயர் கிடையாது. முதலாளி ஒரு மருத்துவமனை என்று இருக்கும். நம் ஆள் அங்கே குழாய் பற்றவைக்கிறாரா, வாசலில் காவல் நிற்கிறாரா என்று இருக்காது. சொந்தமாகத் தொழில் செய்பவர் அதில் இருக்கவே மாட்டார்.

இது தொழிற்கல்விக்கென்றே அமைந்த சாபம். எங்கள் சித்தப்பா மகன் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் முடித்தவன். மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறான், நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறான். சட்டப்படி 20 பேர் இருந்தால்தான் பி.எஃப். கட்டாயம், அவன் கடைக்கு அது கிடையாது. பி.எஃப். எண்ணை வைத்துத் தேடினால் அவனும் அகப்படமாட்டான், அந்த நாலு பேரும் அகப்படமாட்டார்கள். ஆனால் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மட்டும், சித்தி சொல்கிறார் என்று, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருக்கிறான். ஒரு பதிவேட்டில் அவன் இல்லவே இல்லை, இன்னொன்றில் வேலை தேடிக்கொண்டிருக்கிறான். கடை வாசலில் பைக் நிறுத்த இடம் இல்லை.

இங்கிலாந்தும் இதே சுவரில்தான் முட்டியது. 2015-ல் ஒரு சட்டத்தின் துணையோடு, பள்ளி, தொழிற்கல்லூரி, வருமான வரி, அரசு உதவித்தொகைப் பதிவுகளை அங்கே ஒன்றாகக் கோத்தார்கள். முதலில் எடுத்துக்கொண்டது முதலாளிகள் அனுப்பும் சம்பள விவரத்தை. அந்த நாட்டில் கட்டுமானத் தொழிலில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சுயதொழில் செய்பவர்கள். பிளம்பர், கொத்தனார், பெயிண்டர் எல்லாம் பாதி மறைந்துபோனார்கள். அவர்கள் தாங்களே தாக்கல் செய்யும் வரிக்கணக்கைப் பிறகுதான் சேர்த்தார்கள்.

வேலை நேரமும் அதில் இல்லை. வாரம் மூன்று நாள் முடிவெட்டும் பெண்ணும் ஆறு நாள் வெட்டும் பெண்ணும் வருஷ வருமானமாக மட்டுமே தெரிவார்கள். குழந்தைப் பராமரிப்பு படித்தவர்களின் வருமானம் அட்டவணையில் அடியில் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு ஒருவர் "இந்தப் படிப்பு வேஸ்ட்" என்பார். குழந்தை பார்ப்பவருக்கு ஊர் கொடுக்கும் கூலியே குறைவு என்றால், அதற்கு வகுப்பறை என்ன செய்யும்? எந்தப் பிரிவை நடத்துவது, எதை மூடுவது என்ற பேச்சில் இந்த எண்கள் வந்து உட்காரும்போது, இது சும்மா புள்ளிவிவரச் சண்டையாக இருக்காது.

அதற்காக எண்களையே தூக்கிப் போடு என்று நான் சொல்லமாட்டேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வேலை இழந்து, சமுதாயக் கல்லூரிக்குத் திரும்பிப் போன தொழிலாளர்களைப் பற்றி ஜேக்கப்சன், லலோண்ட், சல்லிவன் மூவரும் 2005-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தொழில்நுட்பம், கணிதம், அறிவியல் சார்ந்த பாடங்களில் ஒரு வருஷம் படித்தது ஆண்களின் வருமானத்தைச் சுமார் 14 சதவீதமும் பெண்களுடையதைச் சுமார் 29 சதவீதமும் உயர்த்தியது என்று மதிப்பிட்டார்கள். மற்றப் பாடங்களில் பலன் மிகக் குறைவு. வாத்தியார் போடும் கடிதத்தால் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

அந்த மாநிலத்தின் சம்பளப் பதிவில் வேலை நேரமும் உண்டு. காரணம் எந்தக் கல்வியாளரின் தொலைநோக்கும் கிடையாது: அங்கே வேலையிழப்பு உதவித்தொகை வாங்க 680 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும், அதனால் முதலாளி மணிக்கணக்கையும் எழுதி அனுப்பியாக வேண்டும்.