கரந்துறை இடர்களுக்குத் தமிழர் இட்ட பெயர்கள்

இடர், இடுக்கண், இடையூறு, ஏதம் எனத் துன்பங் குறிக்கும் சொற்கள் தமிழிற் பலவுள. அவை பெரும்பாலும் வந்துற்ற துன்பத்தைச் சுட்டுவன. கண்ணுக்குப் புலனாகாது காத்திருக்கும் துன்பத்தைச் சுட்டுஞ் சொற்களோ வேறோர் இனத்தைச் சேர்ந்தவை. கண்ணி, பொறி, வலை, படுகுழி, பயம்பு என்பவற்றை நோக்குக. இவை வேட்டையோடும் காவலோடும் ஒட்டிப் பயின்ற சொற்கள். ஒருவன் சூழ்ச்சியில் அகப்பட்டான் என்பதைப் ‘பொறியிற் சிக்கினான்’ என்று நாம் கூறும்பொழுது, நம்மையறியாமலே வேடனது மொழியைப் பேசுகின்றோம்.

இச்சொற்களின் பழைமையை அறிய விரும்புவோர் பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய மலைபடுகடாத்தைப் பார்த்தல் வேண்டும். பெருங்கௌசிகனார் இயற்றிய இந்நூலைப் பத்துப்பாட்டின் ஏனைய நூல்களோடு உ. வே. சாமிநாதையர் 1889 ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்டார். நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், வறுமையுற்ற வேறொரு கூத்தர் குழுவை அவனிடம் ஆற்றுப்படுத்துவதே நூற்பொருள். பாட்டுடைத் தலைவன் புகழைத் தேடி இந்நூலைப் பயில்வோர், இடையில் வரும் வழிக்குறிப்புக்களை விரைந்து கடந்துவிடுவர். எமக்கோ நூலின் உயிர் அங்கேதான் உள்ளதெனத் தோன்றுகிறது.

காட்டுப்பன்றிக்கு அஞ்சிய தினைப்புனத்தார், அது நுழையும் இடுக்குத்தோறும் கல்லாலாகிய பொறிகளை மாட்டி வைத்துள்ளனர். ஆதலால் இருளிற் செல்லற்க, விடிந்தபின் செல்க என்கிறான் கூத்தன். பாம்பு ஒளிந்திருக்கும் பயம்புகள் உள. அவ்விடத்தைக் குறித்துக்கொண்டு வழியினின்று சற்றே விலகிச் செல்க என்கிறான். பாசி மூடிய இடங்களில் அடி வழுக்கும். சிறுமூங்கிலையும் கொறுக்கங்கோலையும் பற்றிக்கொண்டு கடக்க என்கிறான். ஒவ்வோர் இடருக்கும் அதன் பெயர், அது மறைந்திருக்கும் இடம், தப்பும் வகை ஆகிய மூன்றும் கூறப்படுகின்றன. பொறியை மாட்டியவனுக்குப் பன்றிமேல் மட்டுமே பகை. யாழும் முழவும் சுமந்து வருவோர்மேல் யாதொரு பகையும் இல்லை. எனினும் வருவது பன்றியோ விறலியோ என்பதைக் கல் அறியாது. கூத்தன் அஞ்சியது இதனையே.

ஈழத்தின் அண்மைக்கால வரலாற்றில் இவ்வேட்டைச் சொற்கள் மீண்டும் உயிர்பெற்றன. நிலத்திற் புதைக்கும் வெடிக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர், கோட்டை மதிலின் கீழ் அகழப்பட்ட சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்தது. சிங்களத்தார் ‘பிம் போம்ப’, அஃதாவது நிலக்குண்டு, என்றனர். தமிழர் தேர்ந்ததோ பறவைக்கு வைக்கும் கண்ணியை. தலையிற் சூடும் மாலைக்கும் கழுத்தை இறுக்கும் சுருக்குக்கும் ஒருசேரப் பெயரான அச்சொல், ‘கண்ணிவெடி’ எனப் புதுத்தொடராயிற்று. ‘பொறிவெடி’யும் அவ்வாறு அமைந்ததே. கண்ணியும் பொறியும் வைப்பவன் கையிலுள்ள கருவியின் பெயர்கள். ‘மிதிவெடி’ என்பதோ அகப்படுவோன் செயலாற் பெற்ற பெயர். பழஞ்சொற்களுள் படுகுழி ஒன்றே இதற்கு நெருங்கிய உறவு. படுதல் விலங்கின் செயலன்றோ? இம்மூன்று வெடிப்பெயர்களையும் ஒருபொருட் பன்மொழியாகக் கொள்வாரோடு யாம் உடன்படோம்.

1983 யூலை 23 ஆம் நாள் இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கண்ணிவெடி வைத்து நிகழ்த்தப்பட்ட தாக்குதலிற் படையினர் 13 பேர் இறந்தனர். மறுநாள் இரவு கொழும்பில் மூண்ட வன்செயல் வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் விட்டுவைக்கவில்லை. நிலத்தில் வெடி புதைக்கப்படாத இந்நகரில், அந்நாட்களில் இடர் கரந்திருந்த இடம் ஒரு வீட்டுச்சொல். வாளியைக் குறிக்கும் ‘பால்திய’ என்னும் சிங்களச் சொல்லைக் கூறுமாறு கேட்டுத் தமிழரை இனங்கண்டனர் என்பது, 1958 ஆம் ஆண்டைப் பற்றியும் 1983 ஆம் ஆண்டைப் பற்றியும் பலராற் பதிவுசெய்யப்பட்டுள்ளது. சிங்களத்தில் அச்சொல்லின் முதலெழுத்து குரலதிர்வோடு ஒலிக்கும். தமிழில் மொழிமுதற் பகரத்துக்கு அவ்வதிர்வு இல்லை. மாணவர்க்கு இலக்கண வகுப்பில் மொழிமுதல் எழுத்துக்களைக் கற்பிக்கும்பொழுது இச்செய்தி நினைவில் வந்து எம் நாவைத் தடுப்பதுண்டு.

2009 ஆம் ஆண்டிற் போர் முடிவுற்றபின் வன்னிக்கு மீண்டோரை, மண்டையோடு வரைந்த சிவப்பு எச்சரிக்கைப் பலகைகள் எதிர்கொண்டன. அங்கு சிறுவர்க்கு வெடியபாயக் கல்வி புகட்டப்பட்டது: அறியாத பொருளைத் தொடாதே, பலரும் நடந்து பழகிய பாதையை விட்டு விலகாதே, ஐயத்துக்குரிய பொருளைக் கண்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் பெரியோரிடம் கூறு. கூத்தன் தன் இனத்தார்க்குக் கூறிய அறிவுரையோடு இதனை ஒப்புநோக்குக. பெயரும் இடமும் தப்பும் வகையும் இங்கும் உள. ஆயின் கூத்தர்க்கு விடியல் துணையாயிருந்தது. மிதிவெடிக்குப் பகலும் இரவும் ஒன்றே. பன்றிப்பொறியை வைத்தவன் மறுநாட் காலையில் வந்து பார்ப்பான். இவ்வெடிகளை வைத்தோருட் பலர் இன்று உயிரோடில்லை. வெடிகளோ மண்ணுள் இருந்தன.

ஆட்களுக்கெதிரான மிதிவெடிகளைத் தடைசெய்யும் 1997 ஆம் ஆண்டின் ஒட்டாவாச் சமவாயத்தில் இலங்கை 2017 திசெம்பரில் இணைந்தது. நிலத்தை முற்றாகத் துப்புரவாக்குதற்கு அச்சமவாயத்தின்படி இலங்கைக்கு விதிக்கப்பட்ட தவணை 2028 யூன் 1 ஆம் நாள்.